வெள்ளைப் படிவுக்குச் சோப்பைப் பழிக்காதீர்கள்

டிஷ்வாஷர் வாங்கலாமா என்று உறவுக்காரர்களிடமோ அக்கம்பக்கத்திலோ கேட்டுப் பாருங்கள். “வேண்டவே வேண்டாம். தட்டு, டம்ளர் எல்லாம் வெள்ளை வெள்ளையா சோப்பு படிஞ்சிருக்கும். திரும்ப நாமதான் கையால அலசணும். அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?” என்பார்கள். வாங்கியவர்களில் பலர் சொல்வது இது. வாங்காதவர்கள் அவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்வதும் இதுதான். பழுது பார்க்க வரும் ஊழியர்களில் சிலர்கூடக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பவுடரைக் குறைச்சுப் போடுங்க” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த ஒரு தீர்ப்பிலிருந்து மூன்று முடிவுகள் கிளைத்திருக்கின்றன. இயந்திரம் சரியாக அலசுவதில்லை என்பது முதல் முடிவு. சோப்பைக் குறைத்து இன்னொரு முறை ஓடவிட்டால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது. நம் சமையலுக்கும் நம் பாத்திரங்களுக்கும் இது ஒத்துவராது என்பது மூன்றாவது. மூன்றையும் மறுக்கிறேன். முதலாவது, குற்றத்தை இடம் மாற்றிச் சுமத்துகிறது. இரண்டாவதைக் கடைப்பிடித்தால் படிவு கூடும். மூன்றாவது, ஒரு வீட்டின் பெண்களை மறுபடியும் தொட்டியடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஓடும் வீடுகளில், டம்ளரை மூடியிருக்கும் அந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் சோப்பு கிடையாது. தண்ணீரில் கரைந்து வந்த கால்சியமும் மக்னீசியமும்தான் அங்கே காய்ந்து ஒட்டியிருக்கின்றன. சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. நாம் சோப்பையே முறைத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் விசாரணையே இல்லாமல் தப்பிவிடுகிறது.

சோப்பே படாத இடத்தில் அதே வெள்ளை

தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலின் அடியைப் பாருங்கள். அதில் யாரும் சோப்பு போடுவதில்லை. ஆனாலும் சில மாதங்களில் வெள்ளை ஓடு கட்டிவிடுகிறது. கீசரின் உள்ளே இருக்கும் கம்பியைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். ஷவரின் துளைகள் அடைத்துக்கொள்கின்றன. குழாயின் மூக்கில் வெள்ளைக் கட்டி தொங்குகிறது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை. “உப்புத் தண்ணி, வேறென்ன?” என்கிறோம். அதே தண்ணீர், அதே வெள்ளை, தட்டில் ஏறியவுடன் மட்டும் சோப்பாகிவிடுகிறது.

தண்ணீரில் இருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் சிதையும். கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போக, கரையாத கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, தங்கிவிடும். கையால் கழுவும்போது நாம் பயன்படுத்துவது பச்சைத் தண்ணீர். அதனால் இந்தச் சிதைவு குறைவு. கழுவியதைக் கவிழ்த்து வடிய விடுகிறோம். பல வீடுகளில் துணியால் துடைத்தும் வைக்கிறோம். இயந்திரத்திலோ தண்ணீர் 50, 60, சில சுற்றுகளில் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. கடைசி அலசலுக்குப் பின் அந்தச் சூட்டிலேயே பாத்திரம் காய்கிறது. துடைக்கும் கை அங்கே இல்லை. தண்ணீரில் இருந்தது முழுவதும் பாத்திரத்தின் மேல் எழுதப்பட்டுவிடுகிறது.

எவ்வளவு இருந்தால் இப்படிப் படியும்? தண்ணீரின் கடினத்தன்மையை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற அளவில் சொல்வார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பகுப்பின்படி 60 வரை மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடினமான நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. ஆக, தர நிர்ணயப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே மிகக் கடினம் என்ற எல்லையைப்போல் மூன்று மடங்கு கடினமாக இருக்க முடியும். “எங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணிதான், டெஸ்ட் பண்ணியாச்சு” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடம்புக்குக் கேடில்லாத தண்ணீர் கண்ணாடி டம்ளரையும் கெடுக்காமல் விடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

“இயந்திரம் சரியாக அலசுவதில்லை” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பவுடருக்குப் பதிலாக வில்லையாக விற்கும் சோப்பான டேப்லெட் ஒன்றின் எடை சுமார் 20 கிராம். சோப்போடு ஓடும் முதன்மைச் சுற்றில் இயந்திரத்துக்குள் 4 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 5 கிராம் சோப்பு. சுற்று முடிந்ததும் அந்த அழுக்குத் தண்ணீர் வெளியே போகிறது. அடித்தொட்டியிலும் பாத்திரங்களின் மேலும் பத்தில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அடுத்துப் புதுத் தண்ணீர் ஏறி அலசும்போது சோப்பின் அளவு லிட்டருக்கு அரை கிராமாகிறது. அதுவும் வெளியேறி, மறுபடி புதுத் தண்ணீர் ஏறினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம்.

இப்போது தண்ணீரின் பக்கம் வாருங்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மை 500 என்றால், அந்தக் கடைசி அலசல் தண்ணீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு இருக்கிறது. டம்ளரின் மேல் ஒட்டி நின்று காயும் ஈரம் இந்தத் தண்ணீர்தான். அதில் சோப்பு ஒரு பங்கு, தண்ணீரின் சொந்தச் சரக்கு பத்துப் பங்கு. ஒரு பங்கைக் குற்றவாளி ஆக்கிப் பத்துப் பங்கை விடுதலை செய்வது எந்த நியாயத்தில் சேரும்?

அமெரிக்காவில் நடந்த மெய்ப்பரிசோதனை

இதற்கு ஒரு நாட்டின் அனுபவமே சாட்சி. பல பத்தாண்டுகளாக டிஷ்வாஷர் பவுடர்களில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற பொருள் சேர்க்கப்பட்டுவந்தது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைத்து, எங்கும் படியாமல் வெளியேற்றிவிடுவது அதன் வேலை. கழிவுநீரோடு ஆற்றிலும் ஏரியிலும் கலந்த பாஸ்பேட், பாசியைப் பெருக்கி நீரின் ஆக்சிஜனைக் குறைத்தது, மீன்கள் மடிந்தன. அதனால் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் மாவட்டம் 2008-இல் பாஸ்பேட் கலந்த டிஷ்வாஷர் சோப்புகளுக்குத் தடை விதித்தது. 2010 ஜூலையில் 16 மாநிலங்களில் கட்டுப்பாடு வந்தது. தயாரிப்பாளர்கள் நாடு முழுவதற்குமே செய்முறையை மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2017 ஜனவரி முதல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

தடை வந்த கையோடு வெள்ளைப் படிவுப் புகார்கள் குவிந்தன. ஸ்போக்கேன்வாசிகளில் சிலர் பழைய பவுடரை வாங்குவதற்காக எல்லை தாண்டி அண்டை மாநிலமான ஐடஹோவுக்கு வண்டி ஓட்டிச் சென்றார்கள். யோசித்துப் பாருங்கள். வீட்டில் அதே இயந்திரம், குழாயில் அதே தண்ணீர், அலசும் முறையிலும் மாற்றமில்லை. மாறியது கால்சியத்தைக் கட்டிவைக்கும் பொருள் ஒன்றுதான். அது போனதும் டம்ளர் வெளுத்தது. இயந்திரம் சோப்பை அலசாமல் விடுவதுதான் காரணம் என்றால், பழைய பவுடரிலும் அது வெளுத்திருக்க வேண்டுமே!

பாஸ்பேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏரிகளைக் காப்பது நம் டம்ளரின் பளபளப்பைவிடப் பெரிய கடமை. அந்த வேலையை இப்போது சிட்ரேட் போன்ற பொருள்கள் செய்கின்றன. பாஸ்பேட்டின் அளவுக்கு அவற்றுக்கு வலு இல்லை. கடினநீரில் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன. ஆகவே தண்ணீரை மென்மையாக்கும் வேலையை இயந்திரத்தின் அடியில் இருக்கும் உப்புக் கலத்திடம் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) ஒப்படைப்பது முன்பைவிட இப்போது அவசியமாகியிருக்கிறது.

நோயைக் கூட்டும் வைத்தியம்

பொதுக் கருத்து சொல்லும் வைத்தியத்தை இப்போது பாருங்கள். சோப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பு போடாத இயந்திரத்தில், கடினநீரில், கால்சியத்தைப் பிடித்துவைக்க இருக்கும் ஒரே பொருள் அந்தச் சோப்பில் கலந்திருப்பதுதான். அதைக் குறைத்தால் பிடிபடாத கால்சியம் கூடும். படிவும் கூடும். எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் தங்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்வது கூடுதல் தொல்லை.

இன்னொரு முறை வெறும் தண்ணீரில் ஓடவிடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏறுவது அதே கடினநீர். அது சூடாகி, காய்ந்து, பழைய படலத்தின்மேல் புதுப் படலம் போடுகிறது. இதைப் பார்த்துவிட்டு “ரெண்டு தடவை அலசியும் சோப்பு போகல” என்று நொந்துகொள்கிறார்கள். போகாததிலிருந்தே அது சோப்பில்லை என்று புரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்துபோவதுதான் சோப்பின் குணம். எத்தனை முறை அலசினாலும் போகாத ஒன்றைச் சோப்பு என்று எப்படிச் சொல்வது?

வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளச் சோதனைகள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் நான்கு சொட்டு எடுத்து ஒரு சுத்தமான கண்ணாடித் தட்டில் விட்டுக் காயவிடுங்கள். சோப்பே படாத அந்தச் சொட்டுகள் வெள்ளை வளையமாகக் காய்ந்தால் தண்ணீர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்து, படிவு விழுந்த டம்ளரை ஈர விரலால் தேயுங்கள். வழவழவென்று வழுக்கி உடனே கரைந்தால் அது சோப்பு. சொரசொரவென்று இருந்து அப்படியே நின்றால் அதன்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். அமிலத்தில் கரைந்து டம்ளர் பளிச்சென்று ஆனால் அது சுண்ணாம்பு.

அமிலத்துக்கும் அசையவில்லையென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கலாம். இது கடினநீருக்கு நேர்மாறான கோளாறு. மிக மென்மையான தண்ணீரில், அளவுக்கு மிஞ்சிய சோப்பும் அதிகச் சூடும் சேர்ந்தால் கண்ணாடியின் மேற்பரப்பு மெல்ல மெல்லத் தேயும். அது மீளாது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், சென்னையில் போர் தண்ணீர் ஏறும் வீட்டுக்கும் ஒரே அளவுச் சோப்பைச் சிபாரிசு செய்யக் கூடாது என்பது இதனால்தான். சோப்பைக் குறைக்க வேண்டிய வீடு மென்னீர் வரும் வீடு. நம் ஊர் அறிவுரையோ தண்ணீரைக் கேட்காமலே எல்லா வீட்டுக்கும் அதையே சொல்கிறது.

சோப்பு மெய்யாகவே தங்கும் இடங்கள்

சோப்பு ஒருபோதும் தங்காது என்று நான் வாதிடவில்லை. தங்கும். ஆனால் அது தங்கும்போது அதற்குரிய அடையாளங்களோடு தங்கும். காரணமும் கண்ணுக்குத் தெரியும்.

டேப்லெட் வைக்கும் பெட்டியின் மூடி நடுச்சுற்றில் திறக்க வேண்டும். உயரமான தட்டோ கரண்டியின் காம்போ குறுக்கே நின்றால் மூடி தாமதமாகத் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. சுற்று முடிந்தபின் பாதி கரைந்த டேப்லெட் உள்ளே கிடந்தால் காரணம் இதுதான். அரைமணி நேரக் குறுஞ்சுற்றில் தண்ணீர் போதிய அளவு சூடேறாது, நேரமும் போதாது; டேப்லெட் முழுதும் கரையாமல் கடைசி அலசலிலும் கரைந்துகொண்டிருக்கும். தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளில் புளியந்தோலும் எலுமிச்சை விதையும் அடைத்துக்கொண்டால் மேல்தட்டுக்குத் தண்ணீர் எட்டாது. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாலும், டம்ளரை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினாலும் உள்ளே தேங்கிய சோப்புத் தண்ணீர் வடிய வழியிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, டிஷ்வாஷர் பவுடர் விலை அதிகம் என்று கையால் கழுவும் திரவச் சோப்பை ஊற்றுவது. அது நுரைப்பதற்காகவே செய்யப்பட்டது. நுரை பம்புக்குள் புகுந்தால் தண்ணீரின் அழுத்தம் விழும், அலசல் கெடும், நுரை கதவு வழியே தரையில் வழியும். அப்போது படிவது சோப்பேதான். அதற்கும் இயந்திரத்தைப் பழிப்பது நியாயமில்லை.

சோப்பைப் பற்றிய அச்சத்துக்குப் பின்னால் இன்னொரு கவலையும் இருக்கிறது: குழந்தைகள் வயிற்றுக்குள் போகுமே என்பது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இயங்கும், ஸூரிக் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒவ்வாமை ஆய்வு நிறுவனத்தினர் 2023-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். உணவகங்களில் ஓடும் தொழில்முறை இயந்திரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் கடைசி அலசல், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் ‘ரின்ஸ் எய்ட்’ என்ற திரவத்தோடு முடிகிறது. அதன்பின் வெறும் தண்ணீர் அலசல் கிடையாது. அந்த ரின்ஸ் எய்டில் இருக்கும் ஆல்கஹால் எதாக்சிலேட் என்ற பொருள் குடலின் உட்சுவர்ச் செல்களைச் சேதப்படுத்துவதை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டார்கள். உணவக இயந்திரங்களில் இறுதியாக ஒரு நல்ல தண்ணீர் அலசலைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்கு இது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஆய்வு வெள்ளைப் படிவுக்குச் சாட்சி சொல்லவில்லை. ரின்ஸ் எய்ட் கடினநீர்போல் வெள்ளையாகப் படியாது. வீட்டு இயந்திரத்தில் அதன் அளவு மிகுந்தால் கண்ணாடியில் நீலம் பாய்ந்த கோடுகளும் வழவழப்பும் தெரியும். குறைந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்க் கறை விழும். கோடு தெரிந்தால் அளவுத் திருகைக் குறைக்க வேண்டும். வீட்டு இயந்திரத்திலும் ரின்ஸ் எய்ட் கடைசி அலசலில்தான் விடப்படுகிறது என்பதால், கறை விழாத குறைந்தபட்ச அளவில் வைப்பதே புத்திசாலித்தனம். வெள்ளையைப் பார்த்து நஞ்சு என்று பதறுபவர்கள், கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ பார்க்கிறார்கள். சுண்ணாம்பு நஞ்சல்ல. நாம் தினமும் குடிக்கும் தண்ணீரில் இருப்பதுதான் அது.

உப்புக் கலம் என்ற அனாதை

சரி, தண்ணீர்தான் குற்றவாளி என்றால் என்ன செய்வது? விடை இயந்திரத்தின் அடியிலேயே இருக்கிறது. நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான டிஷ்வாஷர்களின் அடித்தளத்தில் ஒரு திருகுமூடி இருக்கும். அதுதான் உப்புக் கலம். அதனோடு இணைந்த ரெசின் மணிகள், தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தாம் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. பிடித்துப் பிடித்து மணிகள் நிறைந்தபின், கலத்தில் நாம் போட்ட உப்பின் கரைசல் அவற்றின் வழியே ஓடி அவற்றை மீண்டும் புதுப்பிக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் கழிவோடு வெளியே போய்விடும். “உப்பு பாத்திரத்துல படியும்” என்று பயந்து கலத்தைக் காலியாகவே விட்டிருக்கும் வீடுகள் எத்தனையோ! பெரும்பாலும் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால்தான் உப்பு வெளியே கசியும். நாக்கில் வைத்தால் உவர்க்கும் படிவு, அந்தக் கசிவின் அடையாளம்.

சமையல் உப்பைப் போடக் கூடாது. கட்டிபிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள்கள் மென்மையாக்கும் அமைப்பைக் கெடுக்கக்கூடும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பரல் உப்பே வேண்டும். முதன்முறை மட்டும் கலத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் உப்பைக் கொட்ட வேண்டும். கொட்டிய கையோடு ஒரு சுற்று ஓடவிட வேண்டும். இல்லையேல் வெளியே சிந்திய உப்பு துருவை உண்டாக்கும்.

“எங்க டேப்லெட்லயே உப்பு, ரின்ஸ் எய்ட் எல்லாம் சேர்ந்து இருக்கு” என்பது அடுத்த வாதம். இப்படிப்பட்ட டேப்லெட்டுகள் பொதுவாக 21 ஜெர்மன் டிகிரி வரைதான் தாங்கும் என்று பல கையேடுகளே சொல்கின்றன. ஒரு ஜெர்மன் டிகிரி என்பது 17.8 மில்லிகிராம். ஆக எல்லை ஏறத்தாழ 370. கடினத்தன்மை 500 உள்ள வீட்டில் அளவு 28 டிகிரி. அங்கே டேப்லெட்டை மட்டும் நம்புவது வீண்.

உப்பு போட்டால் மட்டும் போதாது. உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதை இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று அமைப்பு எண் இருக்கிறது. வீட்டில் பொருத்த வரும் ஊழியர் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து அந்த எண்ணை வைத்துவிட்டுப் போக வேண்டும். பல வீடுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணே கடைசிவரை இருக்கிறது. ஆர்.ஓ. விற்பவர்கள் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை இதற்கு நம்ப முடியாது. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். கால்சியம் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உவர்ப்பே மிகுதியென்றால், ரெசின் அதை நீக்காது. காய்ந்தபின் லேசான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். அங்கே உப்புக் கலத்தின் வரம்பை அறிந்து நடந்துகொள்ள வேண்டும்.

நம் அடுக்குமாடி வீடுகளின் தனிச் சிக்கல் ஒன்றைக் கையேடுகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கையேடு எழுதுபவர்கள் மனதில் இருப்பது ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுள்ள நகராட்சித் தண்ணீர். சென்னையில் ஒரே சம்பில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கலவை. சித்திரை, வைகாசியில் வேறு கலவை. மழைக்காலத்தில் வைத்த எண் கோடையில் பொய்யாகிவிடுகிறது. “போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் கழுவிச்சு, இப்ப மெஷின் கெட்டுப்போச்சு” என்று சொல்பவர்கள், லாரி எந்த மாதத்திலிருந்து வருகிறது என்று காவலாளியிடம் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

“நமக்கு ஒத்துவராது”

மூன்றாவது முடிவுக்கு வருகிறேன். நம் எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இயந்திரம் ஈடுகொடுக்காது என்கிறார்கள். 70 டிகிரித் தீவிரச் சுற்றும், மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் கலந்த பவுடரும் இருக்கையில் குழம்புச் சட்டி அதற்கு மலையில்லை. சோற்றுப் பருக்கையை வழித்துவிட்டுப் போட்டால் போதும். சிலர் பயந்துகொண்டு பாத்திரங்களைச் சோப்புப் போட்டு ஒருமுறை கழுவியே உள்ளே வைக்கிறார்கள். தானாக அளவறியும் சுற்றில் உணரி தண்ணீரின் கலங்கலைப் பார்த்துத்தான் நேரத்தை முடிவுசெய்கிறது. கழுவிய பாத்திரத்தைக் கண்டால் சுற்றைச் சுருக்கிவிடும். இரட்டை வேலை, இரட்டைத் தண்ணீர், பலன் குறைவு.

ஒத்துவராத பாத்திரங்கள் உண்டு என்பது மெய்தான். அலுமினியம் காரத்தில் கறுக்கும். இரும்புத் தோசைக்கல் பழகிய எண்ணெய்ப் பூச்சை இழக்கும். பித்தளையும் செம்பும் நிறம் மங்கும். அவற்றைக் கையால் கழுவிக்கொள்ளலாம். எவர்சில்வர் தட்டு, டம்ளர், கிண்ணம், குக்கர் பாத்திரம், இட்லித் தட்டு என்று நம் தொட்டியை நிரப்புகிறவை பெரும்பாலும் இயந்திரத்துக்கு ஏற்றவையே. டம்ளரின் குழிந்த அடியில் நிற்கும் தண்ணீரை, கூடையைச் சற்றுச் சாய்த்து அடுக்கினால் வடித்துவிடலாம்.

இந்தத் தீர்ப்பை நான் இவ்வளவு அக்கறையோடு எதிர்ப்பதற்குக் காரணம் டம்ளரின் பளபளப்பு இல்லை. பாத்திரம் கழுவும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான். இந்த இயந்திரத்துக்கு 1886-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண். இந்தியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த 299 நிமிடங்களில் பாத்திரமும் இருக்கிறது. “மெஷின் சரியில்ல” என்று ஒரு வீடு தீர்ப்பெழுதினால், இயந்திரம் மளிகைச் சாமான் வைக்கும் அலமாரியாகிவிடும். பாத்திரங்கள் யார் கைக்குத் திரும்பும் என்று கேட்கவே வேண்டாம். தவறான நோயறிதலுக்கான விலையைக் கொடுப்பவர், பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைச் சொன்னவராக இருப்பதில்லை.

ஆகவே சில கோரிக்கைகள். டிஷ்வாஷரை விற்பவர் வாங்குபவரின் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்காமல் பொருத்தக் கூடாது. பொருத்துபவர் கடினத்தன்மை எண்ணை இயந்திரத்தில் பதித்து, அதை எப்படி மாற்றுவது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக அதை ஓட்டப்போகிறவருக்கு, செய்து காட்ட வேண்டும். கையேடுகள் தமிழில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வர வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் லாரிக்கும் போருக்கும் செலவான கணக்கை ஒட்டும் பலகையில், அந்த மாதத்துத் தண்ணீரின் கடினத்தன்மையையும் எழுதிப்போட வேண்டும். சோதனைத் தாள் பெரிய செலவில்லை. அந்த எண் தெரிந்தால் டிஷ்வாஷர் மட்டுமின்றிக் கீசர், துணி துவைக்கும் இயந்திரம், குழாய் எல்லாமே நீடித்து உழைக்கும்.

படிவைப் பார்த்ததும் பவுடர் டப்பாவை எடுத்து ஓரமாக வைப்பதை இனி விடுங்கள். நான்கு சொட்டுத் தண்ணீரைக் காயவிட்டுப் பாருங்கள். உப்புக் கலத்தைத் திறந்து பாருங்கள். பீய்ச்சும் கையின் துளைகளைப் பாருங்கள். இவை மூன்றையும் பார்த்தபின்னும் டம்ளர் வெளுத்துத்தான் வருகிறது என்றால், அப்போது இயந்திரத்தைக் குறை சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் சொல்கிறேன். அதுவரை அந்த வழக்கில் தண்ணீர்தான் முதல் எதிரி. அதை விசாரிக்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.